பிராணவாயு இல்லாமல் ஒரு பிழைப்பு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் தமிழ் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி வந்து நின்றாள். "ஸார், உயிருள்ளவை எல்லாம் சுவாசிக்கும், அதற்குப் பிராணவாயு வேண்டும் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. இட்லி மாவைப் புளிக்க வைப்பது பாக்டீரியா என்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. அம்மா மாவை அரைத்து மூடி வைத்துவிடுகிறாளே, உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்வி, அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். விடை தெரியாமல் இல்லை. இருபத்தேழு வருடம் பள்ளியில் ரசாயனப் பாடம் நடத்தியவன் நான். ஆனால் ஒரு வரியில் சொன்னால் அது பாதி விடையாகத்தான் இருக்கும். மீதிப் பாதி மாட்டுங்காவுக்கும் மாத்தேரானுக்கும் போய், கடைசியில் நம் கட்டிடத்தின் பின்புறம் இருக்கும் செப்டிக் டேங்க்கில் வந்து நிற்கிறது. ஆகவே எழுதியே கொடுத்துவிடுவது என்று உட்கார்ந்தேன். பெரியவர்களும் படிக்கலாம், கடைசிப் பகுதி முக்கியமாக அவர்களுக்குத்தான்.

மூச்சு என்றால் என்ன?

மூக்கால் காற்றை இழுத்து விடுவதை நாம் மூச்சு என்கிறோம். அது வெளி வேலை. உண்மையான மூச்சு உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கிறது. நாம் தின்ற சோறு குளுக்கோஸாகிச் செல்லுக்குள் போகிறது. அங்கே அதைத் துண்டு துண்டாக உடைத்து, அதிலுள்ள எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த எலக்ட்ரான்கள் ஒரு படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்கி வருகின்றன. இறங்கும்போது கிடைக்கும் சக்தியை ஏ.டி.பி. என்னும் சில்லறைக் காசாகச் செல் சேர்த்துக்கொள்கிறது. படிக்கட்டின் அடியில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஒருவர் நிற்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் வரிசை நின்றுவிடும். நமக்கு அப்படி நிற்பவர் பிராணவாயு. நாம் காற்றை இழுப்பதெல்லாம் அவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்துவதற்காகத்தான்.

லோணாவாலா ஏரிகளின் தண்ணீர் குழாய் வழியாக மலையிலிருந்து இறங்கி, கோபோலியில் 1915 முதல் மின்சாரம் தருகிறது. அங்கே தண்ணீர் விழும் உயரம் 500 மீட்டருக்கு மேல். அதே தண்ணீர் நம் வீட்டுத் திண்ணையிலிருந்து தெருவுக்கு இறங்கினால் ஒரு பல்புகூட எரியாது. பிராணவாயு எலக்ட்ரான்களை மிகுந்த ஆவலோடு இழுக்கும் பொருள். எனவே அதன் படிக்கட்டு கோபோலி மாதிரி. வேறு எதை வைத்துப் பிழைத்தாலும் உயரம் குறையும், வருமானமும் குறையும்.

எவ்வளவு குறையும்? ஒரு குளுக்கோஸில் 100 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிராணவாயுவில் முழுவதும் எரித்தால் இந்த 100 ரூபாயும் வெளியே வருகிறது. அதில் ஒரு நல்ல பங்கை நம் செல் ஏ.டி.பி.யாகப் பிடித்துக்கொள்கிறது; ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 முதல் 32 வரை. (பழைய புத்தகங்களில் 36 அல்லது 38 என்று இருக்கும். நானும் அப்படித்தான் கற்பித்தேன்.) பிராணவாயு இல்லாமல் அதே குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றினால் வெளியே வருவது ஏறக்குறைய 7 ரூபாய்தான். கிடைக்கும் ஏ.டி.பி. வெறும் இரண்டு. மீதி 93 ரூபாயும் லாக்டிக் அமிலத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இட்லி மாவில் நடப்பது இந்தச் சில்லறை வியாபாரம். உளுந்தோடு வரும் லியூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியாவும் அதன் கூட்டாளிகளும் மாவிலுள்ள சர்க்கரையை உடைத்து, எடுத்த எலக்ட்ரான்களை வெளியே யாரிடமும் கொடுக்காமல், உடைந்த துண்டுகளின் மேலேயே திரும்ப ஏற்றிவிடுகின்றன. துண்டு லாக்டிக் அமிலமாகிறது. அதுதான் புளிப்பு. கூடவே வரும் கரியமில வாயு உளுந்தின் பிசுபிசுப்பில் சிக்கி மாவைப் பொங்க வைக்கிறது. ஆகவே அந்தச் சிறுமிக்கு முதல் பாதி விடை: மூடியைத் திறந்து வைத்தாலும் மூடி வைத்தாலும் லியூகோநாஸ்டாக்கிற்குக் கவலை இல்லை. அதற்குப் பிராணவாயு இருந்தால் தொந்தரவு இல்லை, இல்லாவிட்டால் நஷ்டமும் இல்லை. வருமானம் குறைவானதால் நிறையச் சர்க்கரையை வேகமாக உடைக்க வேண்டியிருக்கிறது. மே மாதத்தில் இரவு அரைத்த மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிவதும், ஜனவரியில் டோம்பிவிலிக் குளிரில் மறுநாள் மத்தியானம் வரை அசையாமல் கிடப்பதும் அந்த வேகத்தின் ஏற்ற இறக்கம்தான்.

நம் கால் தசையும் இதைச் செய்வதுண்டு. எட்டு மணி ஃபாஸ்ட் லோக்கலைப் பிடிக்கப் படியேறி ஓடும்போது பிராணவாயு வரும் வேகம் போதாமல் தசை லாக்டிக் அமில வழியில் இறங்குகிறது. மறுநாள் கால் வலிப்பதற்கு அந்த அமிலமே காரணம் என்று எங்கள் காலத்தில் படித்தோம். இப்போது அப்படிச் சொல்வதில்லை. தசை நார்களில் ஏற்படும் சிறு சிதைவுதான் காரணம் என்கிறார்கள்.

துளியின் நடுவில் கண்ட உயிர்

காற்றில்லாமல் உயிர் இருக்க முடியும் என்பதை 1861-ல் முதலில் கண்டு சொன்னவர் பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர். வெண்ணெய் கெட்டால் வரும் நாற்றத்துக்குக் காரணமான பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்கும் கிருமிகளை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஒரு விந்தை தெரிந்தது. துளியின் நடுவிலிருந்த கிருமிகள் துள்ளித் திரிந்தன. ஓரத்தில், காற்றுப் படும் இடத்தில் இருந்தவை அசைவற்றுக் கிடந்தன. மற்ற நுண்ணுயிர்கள் காற்றைத் தேடி ஓரத்துக்கு வரும். இவையோ நேர்மாறாக இருந்தன. காற்று இவற்றுக்கு விஷம்!

விஷமாவது ஏன்? எலக்ட்ரான்களைக் கண்டால் பாயும் பிராணவாயு, அவற்றை அரைகுறையாகப் பிடிக்கும்போது சூப்பராக்ஸைடு, பெராக்ஸைடு போன்ற முரட்டுப் பொருள்களாக மாறுகிறது. அவை செல்லுக்குள் அகப்பட்டதையெல்லாம் சிதைக்கும். நம் செல்களில் அவற்றை அடக்குவதற்கென்றே நொதிகள் உண்டு. காற்றே படாத இடத்தில் பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த கிருமிகளில் பலவற்றிடம் அந்தக் காவல் இல்லை, அல்லது போதவில்லை.

இந்தக் குடும்பத்தில் ஒன்றை எல்லாத் தாய்மார்களும் அறிவீர்கள்: டெட்டனஸ் கிருமி. துருப்பிடித்த ஆணி குத்தினால் ஊசி போட ஓடுகிறோம். துருவில் ஒரு குற்றமும் இல்லை. மண்ணிலிருக்கும் கிருமியின் விதையை ஆணி ஆழத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. வாய் சிறுத்து ஆழமாக இருக்கும் காயத்தில் பிராணவாயு எட்டுவதில்லை. அங்கே அது முளைக்கிறது. பளபளக்கும் புது ஆணி குத்தினாலும் ஆபத்து அதேதான். ஆகவே ஆணியின் நிறத்தைப் பார்க்க வேண்டாம்.

இட்லிக் கிருமியைப்போல எல்லாரும் சில்லறையோடு திருப்தி அடைவதில்லை. சில பாக்டீரியாக்கள் பிராணவாயு இல்லாத இடத்திலும் உண்மையாகவே சுவாசிக்கின்றன. படிக்கட்டு இருக்கிறது, அடியில் நிற்பவர் மட்டும் வேறு. சிலவற்றுக்கு அவர் நைட்ரேட். தண்ணீர் தேங்கிய நெல் வயலில் போட்ட உரத்தில் ஒரு பங்கு நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் போய்விடுவது இவற்றின் வேலை. ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்த நஷ்டம் தெரியும். வேறு சிலவற்றுக்கு சல்பேட். கடல் தண்ணீரில் சல்பேட்டுக்குப் பஞ்சமில்லை. சல்பேட் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது. மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே ரயில் போகும்போது எல்லாரும் கைக்குட்டையை எடுக்கிறோமே, அந்த அழுகிய முட்டை நாற்றம் இதுதான். கழிமுகத்துச் சேறு கறுப்பாக இருப்பதும் இந்த வாயு இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடு ஆவதால். கட்டர் ஓரம் குடியிருப்பவர்கள் வீட்டில் வெள்ளி விளக்கு சீக்கிரம் கறுத்துப்போவதற்கும் இதே வாயுதான் காரணம். இதன் பெயரை நினைவில் வைத்திருங்கள், பின்னால் மறுபடி வருகிறது.

சதுப்பு நிலத்திலிருந்து மாட்டுங்காவுக்கு

நைட்ரேட்டும் இல்லை, சல்பேட்டும் அதிகமில்லை என்றால்? அப்போதும் பிழைப்பு உண்டு. அதன் முடிவில் வருவது மீத்தேன். 1776-ல் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் கம்பால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து எரித்துக் காட்டினார் வோல்டா. மின்சார வோல்ட்டுக்குப் பெயர் கொடுத்த அதே வோல்டாதான்.

இந்த வாயுவை எந்த ஒரு கிருமியும் தனியாகச் செய்துவிடுவதில்லை. இது ஒரு கூட்டுக் குடித்தனம். முதல் கூட்டம் சோறு, காய்கறித் தோல், சாணத்து நார் இவற்றைச் சர்க்கரையாகவும் சிறு துண்டுகளாகவும் உடைக்கிறது. அடுத்தது அவற்றைப் பலவகை அமிலங்களாக்குகிறது. இன்னொன்று அந்த அமிலங்களை அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் ஆக்குகிறது. கடைசிக் கூட்டம் அசெட்டிக் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் கொண்டு மீத்தேன் செய்கிறது. இந்தக் கடைசிக் கூட்டத்தை நாம் பாக்டீரியா என்று சொல்வதே சரியல்ல. 1977-ல் அமெரிக்காவில் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இவை பாக்டீரியாவிலிருந்து அடியோடு வேறான தனி வம்சம் என்று காட்டினார்கள். இப்போது ஆர்க்கியா என்று அழைக்கிறோம்.

கூட்டுக் குடித்தனம் எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ஒரு கதை. ஒமெலியான்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானியின் பெயர் சூட்டப்பட்ட ஒரு கிருமி, ஆல்கஹாலை மீத்தேனாக மாற்றும் என்று பல வருடங்கள் பாடப் புத்தகத்தில் இருந்தது. 1967-ல் மார்வின் பிரையண்டும் அவர் சகாக்களும் அது ஒரு கிருமியே அல்ல, இரண்டு என்று கண்டார்கள். ஒன்று ஆல்கஹாலை உடைத்து ஹைட்ரஜனை வெளியே விடுகிறது. மற்றொன்று அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் தின்று மீத்தேனாக்குகிறது. ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் முதல் கிருமிக்கு வருமானமே கிடையாது, பிழைப்பு நின்றுவிடும். குப்பை வண்டி வராத தெருவில் குடியிருப்பதுபோல. ஆகையால் ஒருவருடைய குப்பை இன்னொருவருடைய சாப்பாடு. இருவரையும் பிரித்து வளர்க்க முயன்றபோதுதான் ரகசியம் வெளியே வந்தது.

இப்போது நம் 100 ரூபாய்க் கணக்குக்கு வருவோம். ஒரு குளுக்கோஸ் முழுவதும் மீத்தேனும் கரியமில வாயுவும் ஆகிவிட்டால் இத்தனை கூட்டத்துக்கும் சேர்த்துக் கிடைப்பது சுமார் 15 ரூபாய். அதை மூன்று நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மீதி 85 ரூபாய் மீத்தேனுக்குள் அப்படியே இருக்கிறது. அதை எரிக்க அங்கே பிராணவாயு இல்லை. ஆகவே அவற்றால் எடுக்க முடியவில்லை. எடுக்க முடியாமல் அவை விட்டுப்போன அந்த 85 ரூபாய்தான் நம் அடுப்பில் நீலமாக எரிகிறது. சாண எரிவாயுவின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் அடங்கும். கிருமிகள் வசதியாக வாழ்ந்திருந்தால் நமக்கு ஒன்றும் மிஞ்சியிராது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் நம் மாட்டுங்காவுக்குப் பங்கு உண்டு என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. மாட்டுங்கா என்றால் நமக்குக் கோவில், பூக்கடை, காபிப்பொடிக் கடை. அந்தக் குடியிருப்புகள் எழுவதற்கு முன்பே, 1890-ல், நகராட்சி ஆணையராக இருந்த ஆக்வர்த் என்பவரின் முயற்சியால் வீடற்ற தொழுநோயாளர்களுக்கு அங்கே ஒரு காப்பகம் திறக்கப்பட்டது. இன்று அது வடாலாவில் ஆக்வர்த் தொழுநோய் மருத்துவமனை என்ற பெயரில் இருக்கிறது. அங்கிருந்தவர்களின் மலத்தையும் கழிவுநீரையும் மூடிய தொட்டிகளில் விட்டார்கள். 1897-ல் அந்தத் தொட்டிகளில் வாயுவைச் சேகரிக்கும் அமைப்பைப் பொருத்தி, அதைக் கொண்டு எஞ்சினும் ஓட்டினார்கள். ஊர் ஒதுக்கிவைத்த மனிதர்களின் கழிவிலிருந்து எஞ்சின் ஓடியது. அதற்கு முந்தைய வருடம்தான் பம்பாயில் பிளேக் புகுந்திருந்தது. சாக்கடையைப் பற்றி நகரமே கவலைப்பட்ட காலம். இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் தம் செப்டிக் டேங்க் வாயுவில் விளக்கெரித்ததும் 1895-ஐ ஒட்டித்தான்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். பம்பாய்த் தொழுநோய்க் காப்பகத்தில் 1859-லேயே எரிவாயுக் கலம் இருந்தது என்று பல புத்தகங்களில் காணலாம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கிறார்கள். மாட்டுங்காக் காப்பகம் திறந்ததே 1890-ல் என்னும்போது 1859 எப்படிப் பொருந்தும்? பிள்ளைகள் பள்ளிக் கட்டுரையில் எழுதும்போது 1897 என்றே எழுதலாம்.

பிறகு 1950-களில் ஜஷ்பாய் படேல், மிதக்கும் இரும்பு மூடி கொண்ட சாண எரிவாயுக் கலத்தை வடிவமைத்தார். வாயு சேரச்சேர மூடி மேலே எழும். நம் விலே பார்லேயில் தலைமையகம் கொண்ட காதி கிராமத் தொழில் ஆணையம் அதை நாடெங்கும் பரப்பியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாட்டுக் கொட்டிலை ஒட்டி இன்றும் சில நிற்கின்றன. சாணத்தில் ஒரு குறை உண்டு. மாட்டின் வயிற்றிலேயே இதே கிருமிக் கூட்டம் வாழ்கிறது. (மாடு ஏப்பம் விடுவதில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் மீத்தேன் போகிறது.) நல்லதையெல்லாம் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அது நமக்குப் போடுகிறது. அதனால் சாணம் கலத்தில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். மீந்த சோறு, மாவு, பழத்தோல் இவற்றில் 100 ரூபாயும் அப்படியே இருப்பதால் சீக்கிரம் வாயு தரும். புனேயில் ஆனந்த் கார்வே இதை வைத்து வீட்டளவில் ஒரு சிறு கலத்தை அமைத்தார். அவர் நிறுவனத்துக்கு 2006-ல் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருது கிடைத்தது. டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஷரத் காளே 'நிசர்க்ருணா' என்ற முறையை உருவாக்கினார். சமையலறைக் கழிவை முதலில் காற்றோடும் சூட்டோடும் ஒரு தொட்டியில் கூழாக்கிவிட்டு, பிறகு காற்றில்லாத பெரிய தொட்டிக்கு அனுப்புவது அதன் வழி. மோட்டார் வண்டி போகாத மாத்தேரானில் ஓட்டல் கழிவை இம்முறையில் வாயுவாக்கி, மின்சாரம் எடுத்துத் தெருவிளக்கு எரித்தார்கள்.

"நம் பில்டிங் டேங்கிலிருந்து அடுப்புக்கு வாயு எடுக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். ஒரு ஆளின் கழிவிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கன அடி, அதாவது 30 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வாயு வரும் என்பது சுலப் நிறுவனத்தார் தங்கள் பொதுக் கழிப்பறைகளில் கண்ட கணக்கு. நான்கு பேர் குடும்பத்துக்கு அது காலைக் காபிக்குத்தான் கட்டும். ஒரு கன மீட்டர் வாயு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் காஸுக்குச் சமம். பொதுக் கழிப்பறை, ஓட்டல், மார்க்கெட் என்று கழிவு ஒரே இடத்தில் குவிந்தால்தான் லாபம். ஆனால் எல்லார் வீட்டிலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு: கக்கூஸில் பினாயிலையும் ஆசிட்டையும் பாட்டில் பாட்டிலாகக் கொட்டாதீர்கள். மீத்தேன் கூட்டம் மெதுவாகப் பெருகும் ஜாதி. அது செத்தால் மறுபடி தலையெடுக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அமிலக் கூட்டம் மட்டும் வேலை செய்யும். டேங்க் சீக்கிரம் நிரம்பும், நாற்றமும் வரும்.

மூடியைத் திறக்கும்போது

குப்பையைக் குவித்து மூடினாலும் உள்ளே இதே கதைதான். 1927 முதல் குப்பை கொட்டப்பட்ட தேவனாரில் 2016 ஜனவரியில் பற்றிய தீயின் புகை செயற்கைக்கோள் படத்தில்கூடத் தெரிந்தது. நம் பக்கத்துக் கல்யாண் ஆதார்வாடிக் குப்பைமேட்டுத் தீயையும் பார்த்திருக்கிறோம். குப்பை மலைக்குள் ஊறும் மீத்தேன் இப்படிப்பட்ட தீயை அணைய விடுவதில்லை.

அதைவிட எனக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் நாங்கள் குடியிருந்த பழைய சொசைட்டியில் நான் கமிட்டியில் இருந்தேன். செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரி வைத்து உறிஞ்சக் கூலி அதிகம் என்று, ஒரு மேஸ்திரி மூலம் மூன்று ஆட்களை வரவழைத்தோம். அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. மூடியை எடுத்ததும் முதலில் கொஞ்சம் நாற்றம் வந்தது, பிறகு நாற்றமே தெரியவில்லை. "காற்று வந்துவிட்டது, இறங்கலாம்" என்றார் மேஸ்திரி. இளைஞன் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். மார்பளவு இறங்கியிருப்பான், தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் அண்ணன் ஏணியில் கால் வைத்துவிட்டான். முதல் மாடியில் குடியிருந்த, மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மராட்டியப் பெரியவர் ஒருவர் பால்கனியிலிருந்து "உத்ரூ நகோஸ்! தோர் ஓட்!" என்று கத்தினார். இறங்காதே, கயிற்றை இழு என்று. நான்கு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டோம். வெகுநேரம் கழித்து அவன் இருமிக்கொண்டு கண் திறந்தான். அண்ணனும் இறங்கியிருந்தால் இரண்டு பேர்.

ஹைட்ரஜன் சல்பைடு என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அன்று அந்த இடத்தில் நின்றுகொண்டு எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. நாற்றம் நின்றது காற்று வந்ததால் அல்ல. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரியும் இந்த வாயு, பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்கிறது. அதற்கு மேல் சில நூறு பங்குகளில் மயக்கம்; ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரண்டு மூச்சில் ஆள் விழுவான். காற்றைவிடக் கனமானதால் அடியில் தங்குகிறது. சேறு கலங்காதவரை அதில் கரைந்து கிடக்கும். கம்பால் கிளறியதும் ஒரேயடியாக வெளியே வரும்.

உடம்புக்குள் அது என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள். நான் மேலே சொன்ன படிக்கட்டின் கடைசிப் படியில், பிராணவாயு எலக்ட்ரானை வாங்கும் இடத்தில் ஒரு நொதி இருக்கிறது. இந்த வாயு நேராகப் போய் அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் பிராணவாயு இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. பிராணவாயு இல்லாமல் பிழைக்கும் கிருமியின் கழிவு, பிராணவாயுவால் பிழைக்கும் நம்மை அந்த ஒரே இடத்தில் அடைத்துவிடுகிறது. போதாததற்கு உள்ளே மீத்தேனும் கரியமில வாயுவும் பிராணவாயுவின் இடத்தை நிரப்பியிருக்கின்றன. தீக்குச்சி கிழித்து 'காற்று இருக்கிறதா' என்று பார்ப்பவர்களும் உண்டு. மீத்தேன் இருக்கும் இடத்தில் அதைவிடப் பைத்தியக்காரத்தனம் இல்லை.

சட்டமும் இருக்கிறது. பாதுகாப்புச் சாதனங்களும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்குவதை 2013-ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது. நகராட்சிக்கு மட்டுமல்ல, எந்தத் தனி நபருக்கும் இது பொருந்தும். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சொசைட்டி செயலாளர்களாக இருக்கும் நம்மவர்கள் இதை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டலாம். உறிஞ்சு குழாய் உள்ள லாரியைக் கூப்பிடுங்கள். செலவைக் கணக்கு எழுதுங்கள். லாரிக்காரர், "அடியில் கொஞ்சம் சேறு நிற்கிறது, ஆள் இறங்கினால் சுத்தமாகிவிடும்" என்பார். சேறு நிற்கட்டும். கூட்டத்தைச் சேர்ந்த கிருமிகள் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால்தான் புதிதாக வரும் கழிவு சீக்கிரம் மக்கத் தொடங்கும். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். கயிறு இருந்தால் இழுங்கள், 101-க்குத் தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள்.

அந்த இளைஞனின் ஊர் சேலம் பக்கம் என்று பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாள் வந்தான். அண்ணனும் தம்பியும் பேசியது தமிழ். இறங்குவதற்கு முன் நாங்கள் அவர்களிடம் பேசியது மேஸ்திரி மூலமாக, இந்தியில்.